நைட்ரேட்டில் 10 எலக்ட்ரான் ஏன் தப்பு, சல்பேட்டில் 12 ஏன் சரி?

நிலா_11

வணக்கம். 11-ஆம் வகுப்பு வேதிப்பிணைப்புப் பாடத்தில் இரண்டு இடங்களில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது நைட்ரேட் அயனி. மொத்த இணைதிற (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்கள் 5 + 18 + 1 = 24. நடுவில் நைட்ரஜன் வைத்து, இரண்டு ஆக்சிஜனுக்கு இரட்டைப் பிணைப்பு, மூன்றாவதற்கு ஒற்றைப் பிணைப்பு என்று வரைந்தேன். தனி இணைகளையும் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைகள்) சேர்த்து எண்ணினால் 24 சரியாக வருகிறது. முறைசார் மின்சுமையும் (படத்தை வைத்து ஒவ்வோர் அணுவுக்கும் கணக்கிடும் மின்சுமை) நைட்ரஜனில் 0, இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன்களில் 0, ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனில் மட்டும் −1. ஆனால் விடைக்குறிப்பில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புதான் இருக்கிறது. நைட்ரஜனில் +1, இரண்டு ஆக்சிஜன்களில் −1 வீதம். என் படத்தில் நைட்ரஜனைச் சுற்றி 10 எலக்ட்ரான் வந்துவிட்டதால் தப்பாம். அடுத்த கணக்கு சல்பேட். அதே விடைக்குறிப்பு சல்பரைச் சுற்றி 12 போட்டுவிட்டு அதைச் சரி என்கிறது. அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான் என்ற எண்ம விதி தனிமத்துக்குத் தனிமம் மாறுமா?

இரண்டாவது: சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்க மோலுக்கு 496 கிலோஜூல் வேண்டும். குளோரின் அதை வாங்கும்போது 349தான் வெளிவருகிறது. 147 நட்டம். பிறகு எப்படி "நிலைத்தன்மை அடைவதற்காக எலக்ட்ரானைக் கொடுக்கிறது" என்று எழுதுகிறார்கள்?

கூட்டல்கழித்தல்

முதல் கேள்விக்கு நான் சொல்றேன். இரண்டாவதுக்கு இங்கே நல்லா விளக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க.

உங்க படத்தில் கூட்டல் சரி, முறைசார் மின்சுமையும் சரி. தப்பு எங்கேன்னா, இரண்டு சோதனையையும் எந்த வரிசையில் வைக்கணும் என்பதில். நைட்ரஜன் இரண்டாம் வரிசைத் தனிமம். அதன் வெளிக்கூட்டில் ஒரு 2எஸ், மூணு 2பி, ஆக நாலு ஆர்பிட்டால்தான். ஒரு ஆர்பிட்டாலுக்கு இரண்டு எலக்ட்ரான் வீதம், நாலு ஆர்பிட்டாலில் 8 எலக்ட்ரானுக்கு மேல் இடம் இல்லை. அதுக்கு அடுத்தது 3எஸ், ஆற்றலில் வெகு உயரம். அதனால கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் நாலுக்கும் 8 தான் உச்ச வரம்பு. குறையலாம், கூடாது. அந்த வரம்புக்குள்ள நிற்கிற படங்களை முதலில் எடுத்துக்கணும். அவற்றில் எது மேல் என்று பார்க்கத்தான் முறைசார் மின்சுமை. நீங்க இரண்டாவது சோதனையை முதலில் வச்சுட்டீங்க.

கையால் போடும்போது இப்படிப் போங்க. 24 எலக்ட்ரான். மூணு ஒற்றைப் பிணைப்புக்கு 6 போச்சு, மீதி 18. அதை ஓரத்து ஆக்சிஜன்களுக்கு ஆளுக்கு 6 வீதம் கொடுத்தா 18-ம் தீர்ந்தது. இப்போ ஆக்சிஜன்களுக்கு எட்டு நிறைஞ்சாச்சு, நைட்ரஜனிடம் 6 தான். ஏதாவது ஓர் ஆக்சிஜனோட ஒரு தனி இணையை உள்ளே இழுத்துப் பிணைப்பாக்குங்க. நைட்ரஜனுக்கு 8 வந்துடும். அங்கேயே நிறுத்தணும். நீங்க இன்னொரு இணையையும் இழுத்துட்டீங்க.

முறைசார் மின்சுமைக்கு: அணுவின் இணைதிற எலக்ட்ரான்கள், அதிலிருந்து தனி இணைகளில் உள்ள எலக்ட்ரான்களைக் கழி, பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியைக் கழி. நைட்ரஜனுக்கு 5 − 0 − 4 = +1. ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனுக்கு 6 − 6 − 1 = −1, அது இரண்டு. இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனுக்கு 6 − 4 − 2 = 0. கூட்டினா −1, அயனியோட மின்சுமை. இந்தக் கடைசிக் கூட்டலை விட்டுடாதீங்க. எங்கேயாவது ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தா இங்கே மாட்டிக்கும்.

இரட்டைப் பிணைப்பு எந்த ஆக்சிஜனிடம் என்ற கேள்விக்கு மூணு விடை உண்டு, மூணும் சமம். அதுதான் உடனிசைவு. அணுக்கள் மூணு படத்துக்கும் நடுவே தாவிக்கிட்டு இருக்குன்னு நினைக்க வேண்டாம். மூணு பிணைப்பும் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கு, நீளம் சுமார் 124 பிக்கோமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க நைட்ரிக் அமிலத்தை எடுங்க. அதில் ஹைட்ரஜன் ஒட்டின ஆக்சிஜன் நைட்ரஜனிலிருந்து சுமார் 141-இல் நிற்குது, மற்ற இரண்டும் சுமார் 121-இல். நைட்ரேட் இடையில் வருது, பிணைப்புத் தரம் (சராசரியா எத்தனை பிணைப்பு என்பது) 4/3.

அடிக்கடி நடக்கிற இன்னொரு தப்பு: எதிர் அயனிக்கு எலக்ட்ரானைக் கூட்டணும், நேர் அயனிக்குக் கழிக்கணும். அம்மோனியம் 5 + 4 − 1 = 8. மாத்திப் போட்டு 10 எடுத்துக்கிட்டா படம் எந்தக் காலத்திலும் முடியாது.

சல்பேட்: சல்பர் மூன்றாம் வரிசை, அதுக்குக் காலி 3டி ஆர்பிட்டால்கள் இருக்கு. அதனால 12 வரைக்கும் தாங்கும். அதனாலதான் அது சரி.

படிகக்கூடு

இரண்டாம் கேள்வி நல்ல கேள்வி. பலர் கேட்காமலே கடந்துபோகிற இடம்.

நீங்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. தனியாக மிதக்கும் ஒரு சோடியம் அணு, வெகு தூரத்தில் இருக்கும் ஒரு குளோரின் அணுவுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பது மோலுக்கு 147 கிலோஜூல் நட்டம்தான். எட்டு நிறைவதால் மட்டும் லாபம் கிடைக்கும் என்றால் இந்த நட்டம் வந்திருக்கக் கூடாது. எனவே லாபம் வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து? எதிரெதிர் மின்சுமைகள் நெருங்குவதிலிருந்து.

+1, −1 மின்சுமை கொண்ட இரு அயனிகளின் ஈர்ப்பாற்றலை மோலுக்குக் கிலோஜூலில் பெற, 1,38,935-ஐ அவற்றின் இடைவெளியால் (பிக்கோமீட்டரில்) வகுத்தால் போதும். 147-ஐ ஈடுகட்ட எவ்வளவு நெருங்க வேண்டும்? 1,38,935 ÷ 147, ஏறத்தாழ 945 பிக்கோமீட்டர். அதற்கு வெளியே இருக்கும்வரை இரண்டும் நடுநிலை அணுக்களாக இருப்பதே ஆற்றல் குறைந்த நிலை. 945-க்குள் வந்தால் எலக்ட்ரான் கைமாறிய நிலை கீழே போய்விடுகிறது. வாயு நிலையில் ஒரு சோடியம் குளோரைடு இணையின் பிணைப்பு நீளம் 236 பிக்கோமீட்டர். அங்கே ஈர்ப்பு சுமார் 589 கிலோஜூல். 147 கொடுத்து 589 வாங்குகிறது. (மிக நெருங்கும்போது எலக்ட்ரான் முகில்கள் ஒன்றையொன்று தள்ளும். அந்த விலக்கத்தையும் இதில் கழிக்க வேண்டும். கழித்தாலும் லாபம்தான்.)

படிகத்தில் இன்னும் மேல். ஒவ்வொரு சோடியம் அயனியையும் 282 பிக்கோமீட்டர் தூரத்தில் ஆறு குளோரைடுகள் சூழ்ந்திருக்கின்றன. அதற்கு அப்பால் 12 சோடியம் அயனிகள், பிறகு 8 குளோரைடுகள் என்று ஈர்ப்பும் விலக்கமும் மாறி மாறி வருகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் ஓர் இணையின் ஈர்ப்பைப் போல 1.7476 மடங்கு. விலக்கத்துக்குக் கொஞ்சம் போக, படிகக்கூடு ஆற்றல் (தனி அயனிகள் சேர்ந்து படிகமாகும்போது வெளிவருவது) 787 கிலோஜூல்.

முழுக் கணக்கு, திட சோடியத்திலிருந்தும் குளோரின் வாயுவிலிருந்தும் தொடங்கி, மோலுக்குக் கிலோஜூலில்:

சோடியம் உலோகத்தை ஆவியாக்க +107
குளோரின் மூலக்கூறைப் பிரிக்க (அரை மோல்) +122
சோடியத்தின் எலக்ட்ரானைப் பிடுங்க +496
குளோரின் அதை வாங்கும்போது −349
அயனிகள் படிகமாகச் சேரும்போது −787
மொத்தம் −411

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, குளோரினுக்கு 122-க்குப் பதில் 243 போடுவது. 243 என்பது ஒரு மோல் குளோரின் மூலக்கூறுக்கு. ஒரு மோல் உப்புக்கு அதில் பாதிதான் வேண்டும்.

அப்படியானால் சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானையும் கொடுத்து, இன்னும் வலுவான படிகம் அமைக்கவில்லை? இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் 4,562. அது உள்கூட்டு எலக்ட்ரான். அந்தச் செலவை எந்தப் படிகமும் ஈடுகட்டாது. மக்னீசியத்துக்கு 738, 1,451, பிறகு 7,733. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே உள்ள சுவரைப் பாருங்கள். எட்டு என்ற எண் உண்மையில் இந்தச் சுவரின் இருப்பிடத்தைத்தான் காட்டுகிறது. அதுவரை கொடுப்பது கட்டுப்படியாகும், அதற்கு மேல் ஆகாது.

ஆக்சைடு அயனி இதற்கு நல்ல சாட்சி. ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை வாங்கும்போது 141 வெளிவரும். இரண்டாவதைத் திணிக்க 700-க்கும் மேல் செலவு. எதிர் மின்சுமை கொண்ட ஒன்றினுள் மறுபடி எதிர் மின்சுமையைத் தள்ளுகிறோம். வெற்றிடத்தில் தனியே விட்டால் அந்த அயனி ஓர் எலக்ட்ரானை உதறிவிடும், எட்டு நிறைந்திருந்தும். மக்னீசியம் ஆக்சைடு படிகத்துக்குள் மட்டுமே அது நிற்கிறது. அங்கே படிகக்கூடு ஆற்றல் சுமார் 3,800. மின்சுமை இரண்டுக்கு இரண்டு என்பதால் ஈர்ப்பு நான்கு மடங்கு, இடைவெளியும் சுமார் 210 பிக்கோமீட்டராகக் குறுகிவிடுகிறது. உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருக, இது 2,800-ஐயும் தாண்டித்தான் உருகுகிறது.

ஆகவே தேர்வில் "நிலைத்தன்மை அடைவதற்காக" என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். மனதில் மட்டும் "மொத்த ஆற்றல் குறைவதால்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சல்பர்16

கூட்டல்கழித்தல் நைட்ரேட் பற்றி எழுதியது முழுக்கச் சரி. சல்பேட் பற்றிய கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கும் விளக்கம்தான் அது. ஆனால் கணினிக் கணக்கீடுகள் வந்தபின் அது நிற்கவில்லை. சல்பரின் 3டி ஆர்பிட்டால்கள் ஆற்றலில் மிக மேலே இருக்கின்றன. பிணைப்பில் அவற்றின் பங்கு மிகச் சிறியது.

சல்பர் ஹெக்சாஃபுளூரைடை எடுத்துக்கொள்வோம். ஆறு பிணைப்பு, 12 எலக்ட்ரான் என்று எண்ணுகிறோம். எலக்ட்ரான்கள் முழு மூலக்கூறிலும் பரவியிருப்பதாகக் கொள்ளும் மூலக்கூறு ஆர்பிட்டால் முறையில் பார்த்தால், சல்பரின் ஓர் எஸ், மூன்று பி ஆர்பிட்டால்கள் ஆறு ஃபுளூரின்களோடு சேர்ந்து நான்கு பிணைப்பு ஆர்பிட்டால்களைத் தருகின்றன. அவற்றில் 8 எலக்ட்ரான். மீதி 4 எலக்ட்ரான்கள் இரண்டு ஆர்பிட்டால்களில் இருக்கின்றன. அவை சல்பரைத் தொடாமல் ஃபுளூரின்கள் மேலேயே பரவியவை. ஃபுளூரின் எலக்ட்ரானை வலுவாகக் கவர்வதால் அந்தச் சுமையை அது தாங்குகிறது. ஆறு அண்டை அணுக்கள் உண்டு. ஆனால் சல்பரோடு உண்மையில் பகிரப்படுவது எட்டுதான்.

சல்பேட்டுக்கும் அப்படியே. நான்கு ஒற்றைப் பிணைப்பு, சல்பரில் +2, ஒவ்வோர் ஆக்சிஜனிலும் −1 என்ற எட்டு எலக்ட்ரான் படம் உண்மைக்கு இன்னும் நெருக்கம். "அப்படியானால் பிணைப்பு ஏன் இவ்வளவு குட்டை?" என்று கேட்பார்கள். சல்பேட்டில் அது 149 பிக்கோமீட்டர், சல்பியூரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் ஒட்டிய ஆக்சிஜனுக்கு 157. நேர் மின்சுமையுள்ள சல்பரும் எதிர் மின்சுமையுள்ள ஆக்சிஜனும் இழுத்துக்கொள்வதும், ஆக்சிஜனின் தனி இணைகள் அடுத்த பிணைப்புகளின் எதிர்பிணைப்பு (அந்தப் பிணைப்பைத் தளர்த்தும்) ஆர்பிட்டாலுக்குள் கொஞ்சம் கசிவதும் அதற்குக் காரணம். இரட்டைப் பிணைப்புக் கோடுகள் இந்த இரண்டையும் சுருக்கிச் சொல்லும் ஒரு குறியீடு. அந்த அளவில் அவற்றுக்குப் பயன் உண்டு. பாடநூல் அப்படி வரையச் சொன்னால் தேர்வில் அப்படியே வரையுங்கள்.

நைட்ரஜனுக்கு ஐந்து அண்டை ஏன் கிடையாது? அளவு. பாஸ்பரஸ் ஐந்து குளோரினைச் சுற்றி வைத்துக்கொள்கிறது, நைட்ரஜனைச் சுற்றி ஐந்துக்கு இடம் போதாது. ஆறு ஃபுளூரினை வைத்துக்கொள்ளும் சல்பரே ஆறு குளோரினை வைத்துக்கொள்வதில்லை. இங்கே ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. நைட்ரஜன் பென்டாக்சைடு திடநிலையில் தனி மூலக்கூறுகளாக இருப்பதில்லை. நைட்ரோனியம் நேர் அயனியும் நைட்ரேட் எதிர் அயனியுமாகப் பிரிந்து நிற்கிறது. இரண்டிலும் நைட்ரஜனைச் சுற்றி எட்டே எட்டு. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும் திடநிலையில் நான்கு குளோரின் கொண்ட நேர் அயனி, ஆறு குளோரின் கொண்ட எதிர் அயனி என்று பிரிந்துதான் இருக்கிறது. ஐந்து குளோரின் கொண்ட தனி மூலக்கூறைக் காண வாயு நிலைக்குப் போக வேண்டும்.

வரைவதற்கு முன்பே சோதிக்க ஒரு குறுக்குவழி. ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களின் எண்ணிக்கையை 6-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். அதிலிருந்து மொத்த இணைதிற எலக்ட்ரான்களைக் கழியுங்கள் (இதில் ஹைட்ரஜன்களுடையதும் சேரும்). வருவதில் பாதி, வேண்டிய கூடுதல் பிணைப்புகள். நைட்ரேட்: 26 − 24 = 2, ஒரு கூடுதல் பிணைப்பு. கார்பன் டைஆக்சைடு: 20 − 16 = 4, இரண்டு. கார்பன் மோனாக்சைடு: 14 − 10 = 4, இரண்டு அணுக்கள்தான் என்பதால் முப்பிணைப்பு. சல்பேட்: 32 − 32 = 0. கணக்கே இரட்டைப் பிணைப்பு வேண்டாம் என்கிறது. எதிர் எண் வந்தால் நடு அணுவைச் சுற்றி எட்டுக்கு மேல் எண்ண வேண்டியிருக்கும்: பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு 38 − 40 = −2, பத்து. சல்பர் ஹெக்சாஃபுளூரைடு 44 − 48 = −4, பன்னிரண்டு. வளைய மூலக்கூறுகளில் ஒவ்வொரு வளையமும் ஒரு கூடுதல் பிணைப்பின் இடத்தை எடுத்துக்கொள்ளும். சைக்ளோபுரொப்பேனுக்கு 20 − 18 = 2 வரும். அது வளையத்தால் வந்தது, அங்கே இரட்டைப் பிணைப்பு கிடையாது.

கூட்டல்கழித்தல்

3டி பற்றிய திருத்தத்துக்கு நன்றி. மேலே நான் எழுதின அந்த வரியை யாரும் எடுத்துக்க வேண்டாம், சல்பர்16 எழுதினதை எடுத்துக்கோங்க.

நிலா_11

மிக்க நன்றி. 945 பிக்கோமீட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் இரண்டாவது கேள்வி தெளிந்துவிட்டது. குறுக்குவழியை வைத்து நான்கு போட்டேன்.

நைட்ரிக் ஆக்சைடு: 14 − 11 = 3. ஒற்றை எண் வருகிறது, பாதி 1.5. என்ன செய்வது?
போரான் டிரைஃபுளூரைடு: 26 − 24 = 2. ஓர் இரட்டைப் பிணைப்பு வேண்டும் என்கிறது, ஆனால் புத்தகத்தில் மூன்றும் ஒற்றை.
ஆக்சிஜன் மூலக்கூறு: 14 − 12 = 2. இரட்டைப் பிணைப்பு, சரியாக வந்தது.
நைட்ரஸ் ஆக்சைடு: 20 − 16 = 4. ஆக்சிஜனை நடுவில் வைத்து இரு பக்கமும் நைட்ரஜனுக்கு இரட்டைப் பிணைப்பு போட்டேன். எல்லா அணுவுக்கும் எட்டு.

சல்பர்16

ஒற்றை எண் வந்தால், இணை சேராத ஓர் எலக்ட்ரான் இருக்கிறது என்று பொருள். எட்டு எல்லோருக்கும் நிறையவே நிறையாது. நைட்ரிக் ஆக்சைடின் பிணைப்புத் தரம் 2.5. நைட்ரஜன் டைஆக்சைடிலும் இதே நிலை, அங்கே 17 எலக்ட்ரான். அதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பழுப்பு வாயு அடைத்த குழாயைப் பனிக்கட்டி நீரில் இறக்கினால் நிறம் வெளுக்கும். இரண்டு மூலக்கூறுகள் தங்கள் தனி எலக்ட்ரான்களைச் சேர்த்துப் பிணைத்துக்கொள்கின்றன. அந்தப் பிணைப்பு 175 பிக்கோமீட்டர் நீளமும் மோலுக்கு 57 கிலோஜூல் வலுவும் மட்டுமே கொண்டது. வெந்நீரில் வைத்தால் அறுந்து, பழுப்பு திரும்பிவிடும்.

போரானில் நீங்கள் கண்டது உண்மையான பற்றாக்குறை. இரட்டைப் பிணைப்பு போட்டால் ஃபுளூரினில் +1, போரானில் −1 வரும். எல்லாத் தனிமங்களையும்விட எலக்ட்ரானை அதிகம் கவரும் ஃபுளூரினில் நேர் மின்சுமை என்பது நல்ல படம் இல்லை. அதனால் ஆறோடு விடுகிறோம். அந்தக் காலியிடம் சும்மாவும் இருப்பதில்லை. அம்மோனியா வந்தால் தன் தனி இணையைக் கொடுத்து ஈதல் சகப்பிணைப்பு அமைத்துவிடும், போரானுக்கு எட்டு நிறைந்துவிடும்.

ஆக்சிஜனில் எண்ணிக்கை சரி, படம் போதாது. லூயிஸ் படத்தில் (நாம் இதுவரை வரைந்த கோடும் புள்ளியுமான படம்) எல்லா எலக்ட்ரான்களும் இணையாகத்தான் இருக்கின்றன. ஆனால் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் கீழே விழாமல் அங்கேயே ஒட்டி நிற்கும். இணை சேராத இரண்டு எலக்ட்ரான்கள் அதில் உண்டு. அதை மூலக்கூறு ஆர்பிட்டால் முறைதான் காட்டும்.

படிகக்கூடு

நைட்ரஸ் ஆக்சைடை நான் எடுத்துக்கொள்கிறேன். எட்டு நிறைந்திருக்கிறது, 16-ம் சரி. முறைசார் மின்சுமை போட்டுப் பாருங்கள். நடு ஆக்சிஜனுக்கு 6 − 0 − 4 = +2. ஓரத்து நைட்ரஜன்களுக்கு 5 − 4 − 2 = −1 வீதம். நைட்ரஜனைவிட எலக்ட்ரானை அதிகம் கவரும் ஆக்சிஜன் +2 தாங்கி நிற்பதாகச் சொல்கிறது இந்தப் படம். நடுவில் வைக்க வேண்டியது பொதுவாகக் கவர்தன்மை குறைந்த அணு. ஹைட்ரஜன் மட்டும் விலக்கு, அதற்கு எப்போதும் ஓரம்தான்.

ஆகவே வரிசை நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன். இதற்கு இரண்டு நல்ல படங்கள் உண்டு. ஒன்று, நைட்ரஜன்களுக்கிடையே முப்பிணைப்பு, ஆக்சிஜனுக்கு ஒற்றை: மின்சுமைகள் 0, +1, −1. மற்றது இரண்டு இரட்டைப் பிணைப்புகள்: −1, +1, 0. எதிர் மின்சுமை ஆக்சிஜனில் இருப்பதால் முதல் படத்துக்கு எடை கூட. ஆனால் இரண்டாவதும் கலந்திருக்கிறது. அளந்த நீளங்கள் அதைக் காட்டுகின்றன: நைட்ரஜன்–நைட்ரஜன் 113 பிக்கோமீட்டர், நைட்ரஜன் வாயுவின் 110-ஐவிடச் சற்றே நீளம். நைட்ரஜன்–ஆக்சிஜன் 119, நான் சொன்ன முதல் படத்தின் ஒற்றைப் பிணைப்புக்கு இது மிகக் குட்டை.

நிலா_11

நடு ஆக்சிஜனில் +2 வருவதைக் கவனிக்கவே இல்லை. எட்டு நிறைந்ததும் நிறுத்திவிட்டேன். சயனேட் அயனியையும் இதே முறையில் போட்டேன்: 20 − 16 = 4, நடுவில் கார்பன். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் முப்பிணைப்பு, ஆக்சிஜனில் −1. இன்னொன்று இரண்டு இரட்டைப் பிணைப்பு, நைட்ரஜனில் −1. முதலாவதற்கு எடை கூட என்று எடுத்துக்கொள்கிறேன்.

படிகக்கூடு

சரி. மூன்றாவதாக, ஆக்சிஜனுக்கு முப்பிணைப்பும் நைட்ரஜனுக்கு ஒற்றையும் போட்டு ஒரு படம் வரும். அதில் நைட்ரஜனில் −2, ஆக்சிஜனில் +1. அதைத் தாளில் எழுதி, பங்கு மிகக் குறைவு என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். மூன்றையும் எழுதச் சொல்லிக் கேள்வி வருவது உண்டு.